கேரி தீவில் ஒரு பெட்டியும் பத்து மணி கெடுவும்

சென்ற வெள்ளிக்கிழமை வசந்தா அக்கா போன் செய்தார். மலேசியாவின் கேரி தீவில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டமொன்றில், எலியைப் பிடிக்க ஆந்தைகள் தங்குவதற்கென மாட்டிய பெட்டிகளைக் கவனிப்பவர். "கோயில் பின்னாடி இருக்கற பெட்டிய நாளைக்குப் பத்து மணிக்குள்ள கழட்டணுமாம். உள்ள ரெண்டு குஞ்சு இருக்கு. வந்து பாருங்க லா."

சனி காலை 6.40-க்குக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் கொம்யூட்டர் என்னும் புறநகர் ரயில் ஏறி, 7.55-க்குக் கிள்ளானில் இறங்கினேன். அங்கிருந்து தோட்டத்துக்கு 34 கிலோமீட்டர். வாடகைக் கார் 45 ரிங்கிட். ஆந்தை பார்க்கப் போகிறேன் என்றதும் ஓட்டுநர் ரேடியோவை அணைத்தார். "காலையிலயே அந்தப் பேரச் சொல்லாதீங்க பாஸ்."

மலாயில் ஆந்தைக்குப் பெயரே 'பூரோங் ஹந்து', பேய்ப் பறவை. சிக்கல் அந்தப் பெயரில்தான். சென்ற மாதம் கோயிலை ஒட்டிய லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில், ஒரு முதியவர் இறந்தார். முந்தின நாள் ஆந்தை கத்தியதாம். கோயில் குழு கூடி முடிவெடுத்துவிட்டது.

நான் போனபோது மணி 9.20. குழுத் தலைவர் மணியம் ஏணியோடு நின்றார். வசந்தா அக்கா ஏணியின் முதல் படியில் உட்கார்ந்திருந்தார்.

"எந்திரி வசந்தா. சாவு விழுந்த எடம்."

"தாத்தாவுக்குத் தொண்ணூத்திரெண்டு வயசுண்ணே. அதுக்கும் ஆந்தையா?"

மடியிலிருந்த பிஸ்கட் டின்னை அக்கா கோயில் மேசையில் கவிழ்த்தார். எலி மண்டையோடுகள். ஆந்தை எலியை முழுதாக விழுங்கி, செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கிவிடும். பெட்டிக்குக் கீழே ஒரு மாதமாகப் பொறுக்கியவை அவை.

"போன வருசம் அன்னதான அரிசி மூட்டையக் கடிச்சது யாரு? இந்த வருசம் ஏன் ஒரு மூட்டைகூட ஓட்டையாகல? சொல்லுங்க."

மணியம் ஒரு மண்டையோட்டைப் புரட்டிப் பார்த்தார். "எல்லாம் எலியா?"

"எல்லாம் எலி. பெட்டிய எடுத்தா எலிக்குத் தோட்டத்துல வெசம் வைப்பாங்க. வெசம் தின்ன எலியத் தின்னு மத்த பெட்டி ஆந்தையும் சாவும். அப்புறம் எலிதான் ராஜா."

ஆந்தை எலியை அடியோடு அழிப்பதில்லை. எலி குறைந்தால் அதுவும் முட்டையைக் குறைத்துக்கொள்ளும். இரண்டும் ஒன்றையொன்று அளவில் வைக்கின்றன. விஷத்துக்கு அந்த அளவு தெரியாது.

"சரி, குஞ்சு பறக்கற வரைக்கும் இருக்கட்டும்" என்றார் மணியம்.

"அப்புறமும் எறக்க மாட்டேன்" என்றார் அக்கா. ஏணியை மட்டும் வாங்கிக்கொண்டார். இன்னொரு பெட்டி மாட்ட வேண்டுமாம்.

போகிறவர்களுக்கு: தோட்டத்தில் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். ஒன்பதுக்குள் போய்விடுங்கள், வெயில் கடுமை. திரும்பக் கார் கிடைக்காது. வந்த காரையே நிறுத்தி வையுங்கள். பெட்டியைத் தட்டாதீர்கள். ஆந்தையைப் பேய் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அக்கா கையில் சுத்தியல் இருக்கும்.