சாவு என்று தேடினால் கிடைக்காது

மதுரை தல்லாகுளத்தில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் எனக்கு வேலை. நாடகத்துக்கும் குறும்படத்துக்கும் வேண்டிய சத்தங்களை ஊர் ஊராகப் போய்ப் பிடித்து அனுப்புவார்கள். அவற்றைக் கணினியில் ஏற்றிப் பேர் வைக்க வேண்டும். பத்தாவது படித்தவளுக்கு இது போதும். முதலாளி என்னைவிட இளையவர், தம்பி என்பேன். முதல் நாளே முறை சொல்லிவிட்டார்: முதலில் என்ன சத்தம், அப்புறம் எந்த ஊர், கடைசியில் பிடித்தது பக்கமா தூரமா. "ஒரே மாதிரி எழுதுங்கக்கா. தேடுனா ஒடனே வந்து விழுகணும்."

ஒரே மாதிரிதான் எழுதினேன். கதவு, வாடிப்பட்டி, பக்கம். மழை, வண்டியூர், தூரம். ஆனால் காலையில் திருநீறு பூசி அம்மனைக் கும்பிட்டுவிட்டு வந்து உட்காருகிறவள் சில சொற்களை எப்படித் தட்டுவது? விளக்கை அணைக்கும் சத்தத்துக்கு 'விளக்கு மலையேறுதல்' என்று போட்டேன். சங்கும் பறையும் ஒப்பாரியுமாக வந்ததற்கெல்லாம், எங்கள் வீட்டில் சொல்கிறபடி, 'பெரிய காரியம்'.

ஒரு நாள் குறும்படக்காரர் ஒருவர் சாவு வீட்டுச் சத்தம் கேட்டார். சாயங்காலத்துக்குள் போகாவிட்டால் படத்தின் மொத்த வேலையும் வேறு கூடத்துக்குப் போய்விடும். கையில் வேறு வேலை இல்லாத மாதம். அதுவும் போனால் நானும் வீட்டில்தான். தம்பி 'சாவு' என்று தேடியிருக்கிறார், இல்லை. 'இழவு' என்று தேடியிருக்கிறார், இல்லை. நான் ஹெட்போன் மாட்டி மழை கேட்டுக்கொண்டிருந்தேன், எதுவும் தெரியாது.

கழற்றியபோது அவர் போனில் இருந்தார்.

"அண்ணே, வண்டியூர்ப் பக்கம் இன்னைக்குச் சாவு எதுவும் விழுந்துச்சா? இல்லையா? ஒங்க தெருவுல ஒரு பெருசு இழுத்துக்கிட்டுக் கெடந்துச்சே... எந்திரிச்சு இட்லி திங்கிறாரா?"

தம்பியின் முகம் வாடிப்போனது. முகம் தெரியாத அந்தப் பெரியவருக்காக மாரியம்மனை வேண்டிக்கொண்டேன்.

"என்ன தம்பி, ஒருத்தர் பொழைச்சதுக்குப் போயி வருத்தப்படுறீக?"

"யக்கா, சாவுச் சத்தம் ஒண்ணுகூட நம்மகிட்ட இல்ல. மைக்கத் தூக்கிக்கிட்டு எங்க போறது?"

"இருக்கே. அம்புட்டும் நான்தான ஏத்துனேன். 'பெரிய காரியம்'னு போட்டுப் பாருங்க."

போட்டார். திரை நிறைய வந்து விழுந்தது. என் பக்கம் திரும்பினார்.

"அப்ப பாம்பு?"

"பூச்சின்னு இருக்கும்."

சத்தம் நேரத்துக்குப் போனது, வேலை தங்கியது. அன்றிலிருந்து ஒவ்வொரு சத்தத்துக்கும் இரண்டு பேர். உள்ளதை உள்ளபடி தம்பி எழுதுவார், பக்கத்தில் நான் வைத்த பேர் இருக்கும்.

போன மாதம் அவருடைய அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு சத்தம் வந்தது: நெஞ்சுத் துடிப்பு காட்டும் மெஷின், துடிப்பு நின்றபின் விடாமல் கூவுவது. எழுதப் போனவர் விரலை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"யக்கா, இதுக்கு ஒங்க பேரு மட்டும் போதும்."

'மெஷின், மதுரை, தூரம்' என்று போட்டேன். பக்கத்தில் வைத்துப் பிடித்த சத்தம்தான். அவர் பார்த்தார், திருத்தச் சொல்லவில்லை.