ஆறு மணிக்குள் கண்டி: பன்வில மலைச்சாலையும் என் பாதுகாப்புப் படிவமும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பயந்தாங்கொள்ளி. விடுதி அறைக்குள் நுழைந்ததும் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்க்கிற ரகம். கோயம்புத்தூரில் தேயிலை உலர்த்தும் இயந்திரங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தில் பதினோரு வருடமாகப் பொறியாளராக இருக்கிறேன். வெளிநாட்டுக்கு வேலையாகப் போகிற எல்லோரும் எங்கள் அலுவலகத்தில் ஒரு பாதுகாப்புப் படிவம் நிரப்ப வேண்டும். எங்கே தங்குகிறீர்கள், எந்த வழியில் போகிறீர்கள், என்னென்ன ஆபத்து வரலாம், வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று நான்கு பக்கம். சென்ற ஐப்பசியில் இலங்கை போனபோது அந்தப் படிவத்தில் நான் செய்த தவறைத்தான் இங்கே எழுதுகிறேன். அதே மாதிரி போகிறவர்களுக்கு உதவட்டும்.

பன்விலவுக்கு மேலே ஒரு தோட்டத்துத் தொழிற்சாலையில் எங்கள் இயந்திரத்தின் சூடு சீராக வரவில்லை என்று புகார். அந்த வருடம் மாசியில் அங்கே ஒருமுறை போயிருந்தேன். அதனால் மாசிப் படிவத்தையே எடுத்து, தேதியை மட்டும் மாற்றி அனுப்பிவிட்டேன். 'மழை, மண்சரிவு' என்ற வரிக்கு எதிரே 'குறைவு' என்றிருந்தது. மாசியில் அது சரி. ஐப்பசியில் கண்டி மலைகளில் மதியத்துக்கு மேல் இடி மழை கொட்டும் என்பது எனக்குத் தெரியாததும் அல்ல. ஆனால் நான் பயந்ததெல்லாம் பாஸ்போர்ட் தொலைவதற்கும் குடிநீருக்கும் நெரிசலில் கைப்பை போவதற்கும்தான். அவற்றுக்கு அரைப் பக்கம் எழுதியிருந்தேன்.

இருட்டில் மலைச்சாலை வேண்டாம் என்று நானே ஒரு விதியும் சேர்த்திருந்தேன்: ஆறு மணிக்குள் கண்டி விடுதிக்குத் திரும்பி, அலுவலகத்தில் பிரேமாவுக்குச் செய்தி அனுப்ப வேண்டும். ஆறரைக்குள் வராவிட்டால் அவள் விடுதியைக் கூப்பிடுவாள், ஏழு மணிக்கு என் கணவரை. இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம் என்பதால் குழப்பமில்லை.

கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து கண்டிக்கு நூற்றைந்து கிலோமீட்டர். வேனில் மூன்றரை மணி நேரம், பதினெட்டாயிரம் இலங்கை ரூபாய். மறுநாள் காலை ஆறரைக்கு விடுதி வாசலில் செல்வராஜ் அண்ணன் ஆட்டோவுடன் நின்றார். ஐம்பது வயது இருக்கும், அந்தத் தோட்டத்திலேயே குடியிருப்பவர், தொழிற்சாலையினர் ஏற்பாடு செய்த ஆள். நாள் வாடகை ஏழாயிரம். வத்தேகம வழியாகப் பன்வில இருபத்தைந்து கிலோமீட்டர், ஒரு மணி நேரம். அங்கிருந்து தோட்டத்துக்கு எட்டே கிலோமீட்டர்தான், ஆனால் அதற்கே முக்கால் மணி நேரம் ஆகும். போகிற வழியெல்லாம் என் படிவத்தைப் பற்றி அவரிடம் பெருமையாகப் பேசிக்கொண்டு போனேன்.

தொழிற்சாலைக்கு மூன்று கிலோமீட்டர் முன்னால் ஒரு வளைவில் வண்டியை நிறுத்தினார். மலைச்சரிவிலிருந்து ஊற்று நீர் ஒரு குழாய் வழியே விழுந்துகொண்டிருந்தது. அங்கே அதைப் பீலி என்கிறார்கள். அவர் முகம் கழுவி, போத்தலை நிரப்பிக்கொண்டார்.

"குடிச்சுப் பாருங்க மிஸ், ஐஸ் மாதிரி இருக்கும்."

"வேண்டாங்க அண்ணா, நான் கொண்டு வந்திருக்கேன்" என்று மூடி திறக்காத என் தண்ணீர்ப் போத்தலைக் காட்டினேன். சிரித்தார்.

வேலை மூன்றரைக்கு முடிந்தது. மழை ஒன்றரைக்கே பிடித்துவிட்டது, விடவில்லை. தொழிற்சாலையைக் கவனிக்கும் அதிகாரியை அங்கே டீமேக்கர் என்பார்கள். அவர், "இன்னிக்குத் தங்கிட்டுக் காலையில போங்க மிஸ்" என்றார். ஆறு மணிக்குள் கண்டியில் இருந்தாக வேண்டும் என்று நான் ஒரே பிடியாக நின்றேன். செல்வராஜ் அண்ணன் வானத்தைப் பார்த்துவிட்டு ஆட்டோவின் பக்கத்திரையைக் கட்டினார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அதே வளைவில் மறுபடி வண்டியை நிறுத்தி, நனைந்தபடி இறங்கிப் போய் நின்றார். கொட்டுகிற மழையில் எல்லாப் பக்கமும் தண்ணீர் ஓடுகிறது, பீலியில் மட்டும் ஒரு சொட்டு இல்லை.

"பீலி நின்னு போச்சு மிஸ்."

"ஏதாச்சும் அடைச்சிருக்குங்க அண்ணா."

"இந்த மழைக்கு நிக்கிறதுன்னா உள்ளுக்கு மண்ணு நகருது. திரும்பிருவோம்."

"மணி நாலு ஆச்சு. ஆறுக்குள்ள போகலைன்னா எங்க ஆபீஸ்ல பயந்துருவாங்க."

அவர் கோபப்படவில்லை. "ஒங்கள ஆறு மணிக்குக் கண்டியில விட்டுர்றேன்னே வச்சிக்குவோம். நான் எத்தன மணிக்கு இந்த எடத்தத் தாண்டி வூட்டுக்கு வருவேன்னு அந்தப் பேப்பர்ல இருக்கா மிஸ்?"

இல்லை. எட்டு மணி ஆகும், நல்ல இருட்டு. காலையிலும் என்னை ஏற்றுவதற்காக இருட்டோடுதான் அவர் இறங்கி வந்திருக்கிறார். நான்கு பக்கப் படிவத்தில் அவர் பெயர்கூட இல்லை.

சாலை ஒரு வண்டி அகலம். நான் இறங்கிப் பின்னாலிருந்து தள்ள, அவர் முன்னும் பின்னுமாக எடுத்துத் திருப்பினார். ஒருமுறை ஒரு சக்கரம் பள்ளத்தின் விளிம்புவரை போய் நின்றது. மேலே ஏறி முந்நூறு மீட்டர்கூடப் போயிருக்கமாட்டோம். மலைக்குள் யாரோ பெரிய பீரோவை இழுப்பது போல ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தேன். தேயிலைச் செடிகள் நின்ற வாக்கிலேயே இறங்கிக்கொண்டிருந்தன. நாங்கள் நின்று பேசிய வளைவு அதற்குப் பிறகு இல்லை. பச்சை மண் வாடை மட்டும் மேலே வந்தது. செல்வராஜ் அண்ணன் கைப்பிடியை விடாமல் "முருகா, முருகா" என்றார். இன்னும் ஐந்து நிமிடம் நான் வாதாடியிருந்தால் இரண்டு பேரையும் தோண்டித்தான் எடுத்திருப்பார்கள்.

தொழிற்சாலைத் தொலைபேசியிலிருந்து பிரேமாவிடமும் கணவரிடமும் பேசிவிட்டு, டீமேக்கர் வீட்டில் தங்கினேன். மறுநாள் பன்னிரண்டரைக்கு பெக்கோ இயந்திரத்தால் மண்ணை வாரி ஒரு வண்டி போகிற அளவு வழி விட்டார்கள். அந்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டே கடந்தேன். இரண்டரைக்குக் கண்டி விடுதி வாசலில் இறங்கியபோதுதான், அவர் இனி அதே வழியில் தனியாகப் போகவேண்டும் என்பது உறைத்தது.

"இன்னிக்கு இங்கயே தங்கிக்கங்க அண்ணா, ரூமுக்கு நான் சொல்றேன்."

"வூட்டுல தேடுவாங்க மிஸ். நேத்து மாதிரி பீலியப் பாத்துட்டுத் தாண்டலாம்னா, பீலியும் மண்ணோட போயிருச்சு. பாத்துப் போறேன்."

போய்ச் சேர்ந்ததும் அழைக்கச் சொன்னேன். நான்கே காலுக்கு அழைப்பு வர வேண்டும். மூன்று பத்துக்குக் கண்டியில் மழை பிடித்துக்கொண்டது.

அறையில் சும்மா உட்கார முடியவில்லை. விடுதித் தாளில் எழுத ஆரம்பித்தேன். பழைய படிவத்தை நகலெடுக்காதீர்கள், இடம் ஒன்றானாலும் மாதம் வேறு. அரசின் மண்சரிவு எச்சரிக்கை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகளில் வரும், காலையிலும் மதியத்திலும் பாருங்கள். மழைக்காலத்தில் விடியலிலேயே கிளம்பி, மதியத்துக்குள் மலையை விட்டு இறங்கப் பாருங்கள். முடியாவிட்டால் அங்கேயே தங்கலாம் என்பதையும் முன்கூட்டியே அலுவலகத்தில் சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் உங்கள் விதியே உங்களை மழைக்குள் தள்ளும். கைபேசிக்குச் சிக்னல் இல்லாத இடத்தில் எந்தத் தொலைபேசி வேலை செய்யும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஓட்டுநர் வீடு திரும்பும் வழியையும் நேரத்தையும் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

நாலரை ஆனது. ஐந்து. அவர் எண் கிடைக்கவில்லை. என் உயிருக்குக்கூட நான் இப்படிப் பயந்ததில்லை. ஆறு மணிக்குப் பிரேமாவுக்கு அனுப்ப வேண்டிய செய்தியை அனுப்ப மனம் வரவில்லை, கைபேசியைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். ஆறு இருபதுக்கு அழைப்பு வந்தது.

"வந்துட்டேன் மிஸ். மழ விடுறவரைக்கும் பன்வில டவுன்ல நின்னுட்டேன். போன்ல சார்ஜ் இல்ல."

அழுதுகொண்டே பிரேமாவுக்கு அனுப்பினேன்: 'இரண்டு பேரும் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டோம்.'

உடனே பதில் வந்தது: 'இரண்டாவது ஆள் யார்? படிவத்தில் நீங்க ஒருத்தர்தானே இருக்கீங்க?'