விழப் பழகிய தையல்காரி

தெருவில் எல்லோரும் அவளை 'ஊசியக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுடைய தையல் கடைக்கு மேலே, மாடியில், பெரிய பயிற்சிக்கூடம். நாளுக்கொரு சண்டைக் கலை அங்கே வந்து போகும். எல்லோருக்கும் உடை தைப்பவள் அவள்தான்.

மெஷினை மிதித்தபடி, பாதி கனவில் இருப்பவள்போல மேலே கேட்டுக்கொண்டிருப்பாள். கராத்தே நாளில் ஒரே குரலாய் ஒரு கத்தல், பிறகு எல்லாக் கால்களும் சேர்ந்து தரையை அறையும். குத்துச்சண்டை நாளில் கயிறு தாண்டும் சத்தம் தூறல்போல விடாமல் விழும். டேக்வாண்டோ நாளில் இடையிடையே ஒன்றுமே கேட்காது. அப்போதெல்லாம் கால்கள் காற்றில் இருக்கின்றன என்று நினைத்துக்கொள்வாள். மெல்ல அசையும் சீனக் கலையான தாய் சி நாளில் மேலே ஆள் இருப்பதே தெரியாது.

துணியும் கலைக்கேற்ப மாறும். கராத்தேச் சட்டை கையை வீசினால் படக்கென்று ஒலிக்க வேண்டும். தாய் சிக்கு வழிந்தோடும் துணி. ஜூடோச் சட்டை மட்டும் சாக்குபோலத் தடிமன். அதைப் பிடித்துத்தானே ஆளைத் தூக்கிப் போடுகிறார்கள்.

ஒருநாள் ஜூடோ டீச்சர் கிழிந்த சட்டையோடு வந்தாள்.

"எவ்வளவு அழுத்தித் தச்சாலும் காலர்கிட்ட விட்டுடுதுக்கா."

"எப்படி இழுக்கறீங்கன்னு பாத்தாத்தான் தெரியும்."

"பாக்கறது என்ன, மேல வாங்க. போட்டே பாருங்க."

ஊசியக்கா சுடிதார்மேல் தடித்த சட்டையை மாட்டிக்கொண்டு, கூடத்துத் தரையில் விரித்திருந்த மெத்தையில் நின்றாள். டீச்சர் முதலில் உட்காரவைத்து விழச் சொல்லிக்கொடுத்தாள். "கையை ஊனாதீங்க. தாடை நெஞ்சோட இருக்கட்டும். உள்ளங்கையால மெத்தையை அடிங்க."

பிறகுதான் காலரைப் பிடித்தாள். தரை எங்கோ போனது. ஜன்னல், விளக்கு, கூரை எல்லாம் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றின. முதுகு மெத்தையில் பட்டபோது உடம்பில் எங்கும் வலியில்லை.

"எங்க கிழியுதுன்னு பாத்தீங்களாக்கா?"

"மறந்துட்டேன். இன்னொரு தடவை போடுங்க."

ஜூடோ கற்கப் போவதாக வீட்டில் சொன்னதும், பஸ் ஓட்டும் கணவர் செய்தித்தாளைத் தாழ்த்தினார். "இந்த வயசுல யாரை அடிக்கப் போறே?"

"அடிக்க இல்லீங்க. விழப் போறேன்."

"அதை வீட்டுலயே பண்ணலாமே, சும்மாவே."

சிரித்துக்கொண்டே போனாள். மற்றக் கலைகளையும் எட்டிப் பார்த்தாள். கராத்தேயில் கத்தல் தொண்டையிலேயே நின்றுவிட்டது. குத்துச்சண்டையில் ஒவ்வொரு குத்துக்கும் எதிராளியிடம் மன்னிப்புக் கேட்டாள். தாய் சியில் நின்றபடியே கண்ணயர்ந்தாள். கடைசியில் ஜூடோவிலேயே தங்கினாள். மகள் கல்யாணமாகித் தூரமாகப் போனபின் தன்னை யாரும் இப்படி இறுக்கிப் பிடித்ததில்லை என்று டீச்சரிடம் ஒருமுறை சொன்னாள். டீச்சர் மறுபடி காலரைப் பிடித்தாள்.

நடுவயதினருக்கான போட்டிக்குக் கணவர் லீவு போட்டுவிட்டு வந்தார். எதிரே ஒரு பள்ளிச் சமையற்காரம்மா, இரண்டு ஆள் கனம். இருவரும் சட்டையைப் பிடித்தபடி நடனம்போலச் சுற்றிவந்தார்கள். திடீரென்று அந்தம்மாவின் எடை முன்காலுக்கு வந்ததை ஊசியக்காவின் கைகள் உணர்ந்தன. திரும்பினாள். அந்தம்மா அவள் இடுப்பின்மேல் உருண்டு, முதுகு பட விழுந்தார். ஜூடோவில் எதிராளியின் முதுகு அப்படிப் பட்டாலே வெற்றி; ஆட்டம் முடிந்தது. அடுத்த ஆட்டத்தில் ஊசியக்காவும் அதேபோல விழுந்து வெளியேறினாள்.

வீடு திரும்பும்போது கணவர் கேட்டார்.

"அந்தம்மா என்ன கனம் இருப்பாங்க?"

"தெரியலீங்க. தூக்கினப்ப கனமே இல்லை."

"என்னையும் தூக்குவியா?"

அடுத்த வகுப்புக்கு அவரும் மாடி ஏறினார். தொப்பையால் பெல்ட் கட்ட முடியவில்லை. விழப் பழக்கிவிட்டு, மெதுவாகத்தான் அவரைச் சாய்த்துப் போட்டாள். மனிதர் எழுந்திருக்கவில்லை.

"அடி பட்டுதா?" என்று குனிந்தாள்.

"இல்ல. கொஞ்ச நேரம் இப்படியே இருக்கேன்."

டீச்சர் அவர்களைச் சுற்றிக்கொண்டு போய் மற்றவர்களுக்குப் பாடத்தைத் தொடங்கினாள்.