மைனர் எஞ்சினுக்கு என்ன நிறம்?

காருக்கு வெளியே அடிக்கிற பெயின்ற் ஊருக்கு. எஞ்சினை மூடுகிற பொனற்றுக்கு உள்ளே அடிக்கிற பெயின்ற் சொந்தக்காரருக்கு. ஊரை எப்படியும் சமாளித்துவிடலாம். பழைய கார் ஒன்றைப் புதிதாக்கப் போய், எஞ்சினுக்கு முன்னால் தூரிகையோடு முழித்துக்கொண்டு நின்றவர் யாராவது இதை வாசித்தால், ஐயா, நீங்கள் என் கட்சி. மற்றவர்களும் வீட்டுச் சுவருக்கு நிறம் தெரிவுசெய்த அன்று நடந்த சண்டையை நினைத்துக்கொண்டு வாசிக்கலாம்.

நான் பெயின்ற் அடிக்கப் பழகியது மலையில், ஒரு தேயிலைத் தொழிற்சாலையில். கொழுந்து அரைக்கிற மெசின், டீசல் எஞ்சின், அதன் சக்கரம் என்று எல்லாவற்றுக்கும் வருடாவருடம் அடிக்க வேண்டும். எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு கிளிநொச்சிக்கு வந்து, கண்டி வீதியோரம் மெக்கானிக் மார்க்கண்டு அண்ணனின் கொட்டகையில் சேர்ந்தேன். எஞ்சினை ஓட வைப்பது அவர் பொறுப்பு, நாலு பேர் பார்க்க வைப்பது என் பொறுப்பு. எஞ்சின் நிறத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று அப்போது சொல்லித் திரிந்தேன். இப்போதும் சொல்வேன், கொஞ்சம் சத்தத்தைக் குறைத்து.

சிவப்பு எஞ்சின்

வட்டக்கச்சி நாகலிங்கம் அண்ணன் தன் மொறிஸ் மைனர் காரை உழவு மெசினில் கட்டி இழுத்துவந்து கொட்டகை வாசலில் விட்டார். உடம்பெல்லாம் துரு. பொனற்றைத் திறந்தேன், எஞ்சின் சிவப்பு. உழவு மெசினுக்கு அடிக்கிற அதே சிவப்பு. நான் ஆச்சரியப்படவில்லை. பெயின்ற் தட்டுப்பாடான காலத்தில் கராச்காரர் கையில் என்ன மிச்சம் இருந்ததோ, அதுதானே எஞ்சினுக்கு நிறம்.

ஆனால் அந்தச் சிவப்பு ஒரு குடும்பத்தையே இரண்டாக்கி வைத்திருந்தது. கார், அவருடைய அண்ணன் சதாசிவம் யாழ்ப்பாணத்தில் புதிதாக வாங்கியது. தம்பிக்கு வட்டக்கச்சியில் குடியேற்றக் காணி கிடைத்தபோது அவரே மனமுவந்து கொடுத்துவிட்டார். சில வருடம் கழித்துப் பார்க்க வந்தவர் பொனற்றைத் திறந்தார். எஞ்சின் சிவப்பு, அதில் இருந்த இலக்கத் தகட்டையும் காணோம். "என்ரை எஞ்சினை வித்துப்போட்டு எங்கையோ கிடந்த பழசைப் பூட்டி வைச்சிருக்கிறாய்" என்று சொல்லிவிட்டுப் போனவர், பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை. தகடு கழன்று வழியில் எங்கோ விழுந்துவிட்டது என்று தம்பி சொன்னதை அவர் நம்பவும் இல்லை.

இப்போது தம்பி கல்வீடு கட்டி முடித்துவிட்டார். தகப்பன், அவர்கள் வாயில் அப்பு, உயிரோடு இல்லை. குடிபுகுகிற அன்று அடுப்பில் பால் பானை ஏற்ற அண்ணன்தான் வேண்டும். ஆள்விட்டுக் கேட்டதற்கு அண்ணன் ஒரு நிபந்தனை சொல்லி அனுப்பியிருந்தார்: வீட்டுக்குள் கால் வைக்க முன்னம் பொனற்றைத் திறந்து பார்ப்பாராம், தன் எஞ்சின் இல்லையென்றால் வந்த வழியே திரும்பிவிடுவாராம். இவ்வளவையும் சொல்லி முடித்து, நாகலிங்கம் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, வெளியில என்ன நிறமெண்டாலும் அடியுங்கோ. உள்ளுக்கை மட்டும் அண்ணை வாங்கின அண்டைக்கு இருந்த மாதிரியே இருக்கோணும்."

கண்ணால் கண்ட சாட்சிகள்

சரி, வாங்கிய அன்று என்ன நிறம்? இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே கூடாது. நாகலிங்கம் அண்ணன் "சாம்பல்" என்றார். தண்ணீர் விடுவதையும் ஆயுதபூசைக்குக் கும்பிடுவதையும் தவிர வேறு எதற்கும் பொனற்றுக்குள் தலை நீட்டாத மனிதர், ஆனாலும் சத்தியம் செய்யாத குறை. அடுத்த நாள் அவருடைய மனைவி பூமணி அக்கா சோற்றுப் பார்சலோடு வந்தார். அவரையும் கேட்டேன். யோசிக்கவே இல்லை. "நீலம்" என்றார்.

கலியாணத்தன்று அந்தக் காரில்தான் இருவரும் வந்தார்களாம். ஆனையிறவு தாண்டும்போது எஞ்சின் கொதித்துப் புகைந்திருக்கிறது. மாப்பிள்ளை இறங்கிப் பொனற்றைத் திறந்துவிட்டு, தண்ணீர் தேடாமல் பொம்பிளையைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். "அப்ப நான் பொய்யே சொல்லுறன்?" என்று நாகலிங்கம் அண்ணன் குரலை உயர்த்தினார். பூமணி அக்கா பார்சலை அவர் கையில் கொடுத்தார்.

"நீங்கள் அண்டைக்கு என்னைத்தானே பாத்தனீங்கள். நான்தான் எஞ்சினைப் பாத்தனான்."

முள்ளியவளைக் கோயில் எஞ்சின்

இந்த இழுபறிக்கு நடுவில் முள்ளியவளையில் இருந்து மார்க்கண்டு அண்ணனின் உறவுக்காரர் ஒருவர் தன் பழைய ஏ-போட்டி ஒஸ்ரின் காரை ஓட்டி வந்தார். எஞ்சினைப் பார்த்ததும் கும்பிடலாமா என்று இருந்தது. வெள்ளையும் காவியுமாகப் பட்டை பட்டையாக, அச்சு அசலாகக் கோயில் மதில். கும்பாபிஷேகத்துக்கு மதில் அடித்த பெயின்றில் மிச்சமாம். "ஐயா, இதைச் சுரண்டிட்டு கம்பெனி நிறமே அடிச்சுத் தாரேங்க, பாருங்க எப்படி இருக்குனு" என்றேன். மனிதர் எனக்கும் காருக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார். பிறேக்கை மட்டும் சரிபார்த்துக்கொண்டு, புறப்படும்போது எனக்குப் புத்தியும் சொல்லிவிட்டுப் போனார்.

"கோயில் மிச்சத்தைத் தெருவில ஊத்தேலாது, தம்பி. எஞ்சினுக்கு அடிச்சபடியால்தான் இவ்வளவு காலமும் நடுவழியில விடாமல் ஓடுது."

தோலை உரித்தபோது

சாட்சிகளை நம்பிப் பயனில்லை என்று மைனர் எஞ்சினையே கேட்கத் தீர்மானித்தேன். மார்க்கண்டு அண்ணன் அதை இறக்கிக் கட்டையில் வைத்தார். சுரண்டினேன். சிவப்புக்குக் கீழே நீலம். பூமணி அக்கா பொய் சொல்லவில்லை. நீலத்துக்குக் கீழே சாம்பல். நாகலிங்கம் அண்ணனும் பொய் சொல்லவில்லை. சாம்பலுக்குக் கீழே வெறும் இரும்பு! சாம்பல் அடித்த மகராசன் மகா சுத்தக்காரர். கம்பித் தூரிகையால் இரும்பு பளபளக்கத் தேய்த்துவிட்டுத்தான் அடித்திருக்கிறார். கம்பெனி நிறம் மருந்துக்கும் இல்லை.

அப்போதுதான் அந்தப் பொட்டு கண்ணில் பட்டது. இலக்கத் தகடு இருந்த இடத்துக்குப் பக்கத்தில், எண்ணெயும் புழுதியும் பிடித்துக் கறுத்து, கல்லாக இறுகிப்போன சந்தனமும் குங்குமமும். கார் வாங்கிய அன்று அண்ணன் சதாசிவம் கோயில் வாசலில் வைத்து இட்டதாம். ஒவ்வொரு ஆயுதபூசைக்கும் நாகலிங்கம் அண்ணன் அதன்மேலேயே புதுச் சந்தனம் வைத்துக் கும்பிட்டு வந்திருக்கிறார். சாம்பல்காரர், நீலக்காரர், சிவப்புக்காரர் யாருக்கும் சாமிப் பொட்டில் தூரிகை வைக்கத் துணிவில்லை. சுற்றிச் சுற்றி அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கிணற்றுக்குக் கட்டு எழும்பியதுபோலப் பொட்டைச் சுற்றி மூன்று நிறமும் எழும்பி நின்றன. அப்படியென்றால், கம்பெனி நிறம் அந்தப் பொட்டுக்குக் கீழே பத்திரமாக இருக்கிறது!

நான் கத்தியை எடுத்தேன். நாகலிங்கம் அண்ணன் பாய்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். அண்ணன் வைத்த பொட்டை அண்ணன்தான் எடுக்க வேண்டுமாம். நிறமே அதற்குள்தான் இருக்கிறது என்று தலைகீழாக நின்று சொன்னேன். மனிதர் அசையவில்லை. அன்றிலிருந்து காலையில் சைக்கிளில் வந்தால், கதிரையை எஞ்சினுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு பின்னேரம்வரை காவல். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. மார்க்கண்டு அண்ணனிடம் நியாயம் கேட்டேன். அவர் பொட்டையும் பார்த்தார், கதிரையையும் பார்த்தார்.

"மூண்டு பேர் சுத்திக்கொண்டு போயிருக்கினம். நாலாவது ஆள் நீ, நீயும் சுத்திக்கொண்டு போ."

அடுப்பில் வெந்த பச்சை

போகட்டும், பொட்டு எதற்கு? என் கண் இருக்கிறதே. மலையில் தோட்டத்து டாக்டரின் மைனருக்கு எஞ்சின் பச்சை. எத்தனை தடவை அதைத் துடைத்துக் கொடுத்திருக்கிறேன்! மாவிலைத் தளிர் கொஞ்சம் முற்றினால் வருமே, அந்தப் பச்சை. "பச்சைதாங்க, சந்தேகமே வேணாம்" என்று அறிவித்துவிட்டேன். நாகலிங்கம் அண்ணன் சாம்பலை விட்டுக்கொடுக்க மனமில்லாமல், சரி என்றார்.

எஞ்சின் பெயின்றைத் தகரத்தில் பூசிப் பார்த்தால் மட்டும் போதாது. சூடு பட்டால் நிறம் மாறும். பச்சை பழுத்துப் பழுப்பாகிவிடும். அதனால் பச்சையில் கறுப்பும் மஞ்சளும் கலந்து தகரப் பேணி மூடிகளில் பூசி, பக்கத்துத் தேநீர்க்கடை பரமேஸ் அக்காவின் றொட்டிக் கல்லில் அடுக்கினேன். எது வெந்தும் மாறாமல் இருக்கிறதோ அதுதான் என் கலவை. கடைக்கு வந்தவர்கள் எல்லாம் கல்லை எட்டிப் பார்த்துவிட்டுப் பிளேன்ரீ மட்டும் போதும் என்றார்கள். நான் ஒரு மூடியைத் தூக்கி, இதுதான் நிறம் என்று வெயிலில் பிடித்துக் காட்டினேன். அக்கா தட்டகப்பையால் மற்ற மூடிகளை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்.

"உம்மடை பச்சை வெந்திட்டுது, எடும். கல்லைத் தேய்ச்சுத் தந்தால்தான் நாளைக்குப் பிளேன்ரீ."

பொனற்றைத் திறந்தவர்

குடிபுகும் அன்று வட்டக்கச்சிக்கு நானும் மார்க்கண்டு அண்ணனும் அந்தக் காரிலேயே போனோம். எஞ்சின் பச்சைப் பசேலென்று இருந்தது. பொட்டை மட்டும் விட்டு, சுற்றி அடித்திருந்தேன். வாசலில் நிறைகுடம், உள்ளே அடுப்பு மூட்டியாயிற்று. பெரியவர் சதாசிவம் குடையோடு வந்தார். வாங்கோ என்றவர்களுக்குத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நேரே காருக்கு வந்தார். நாகலிங்கம் அண்ணன் கிட்ட வரவில்லை, வாசல் படலையடியிலேயே நின்றுவிட்டார். பூமணி அக்கா பானையைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியவர் பொனற்றைத் தூக்கினார். வெகுநேரம் பார்த்தார். "ஆர் இந்தப் பச்சையை அடிச்சது?" என்றார். "நான்தாங்க" என்றேன், நெஞ்சை நிமிர்த்தித்தான். அவர் குனிந்து பொட்டைக் காட்டினார். "இதை ஏன் விட்டனீர்?" "உங்க தம்பி தொட விடலைங்க. நீங்க வச்சதை நீங்கதான் எடுக்கணுமாம்." அவர் படலைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு மண்ணெண்ணெயில் நனைத்த துணி ஒன்று கேட்டார்.

தேய்த்தார். சந்தனம் ஊறி, தட்டுத் தட்டாகக் கழன்றது. அதற்குக் கீழே, குங்குமச் சிமிழின் வாயளவு இடத்தில், கம்பெனி நிறம். பச்சைதான். ஆனால் என் பச்சை இல்லை. இருண்ட பச்சை, முற்றிய பலாவிலைப் பச்சை. தோட்டத்து டாக்டரின் கார் பின்னாளில் வந்த கார், அதற்குக் கம்பெனி வேறு பச்சை அடித்தது என்பது அந்த நிமிடத்தில்தான் எனக்கு உறைத்தது. போச்சு, என் கண்ணால் ஒரு குடும்பம் போச்சு என்று நினைத்தேன்.

பெரியவர் நிறத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பச்சைக்கு நடுவில் நகத்தளவு ஒரு சுரண்டல் இருந்தது. அதை விரலால் தடவிக்கொண்டிருந்தார். "வாங்கின அண்டைக்கே இது இருந்தது. புதுக் காரிலை காயமெண்டால் அப்பு கவலைப்படுவார். அவர் காணக்கூடாதெண்டு இதுக்கு மேலை பொட்டை வைச்சனான். ஒருத்தருக்கும் சொல்லேல்லை" என்று எங்களுக்கா எஞ்சினுக்கா என்று தெரியாமல் சொன்னார். கண்ணாடியைக் கழற்றிச் சால்வையில் துடைத்தார். பொனற்றை மெல்லச் சாத்தினார். தம்பி நிற்கும் இடத்துக்குத் தானே நடந்துபோய், அவர் தோளில் கையைப் போட்டு, எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

"பெயின்ற் பிழை. எஞ்சின் எங்கடைதான். பானையைக் கொண்டாங்கோ."

அடுத்த கிழமை அந்தக் குங்குமச் சிமிழளவுப் பச்சையைப் பார்த்துப் பார்த்து முழு எஞ்சினுக்கும் திரும்ப அடித்துக் கொடுத்தேன் என்பதால் சொல்கிறேன், இந்தத் தொழிலில் சரியான நிறம் எதுவென்று நூற்றுக்கு நூறு தெரியவருவது, பிழையான நிறத்தை நன்றாக அடித்துக் காயவிட்ட பிறகுதான்.