கரண்ட் போனால் போன் பேசுமா?

1. மாடியில் கேட்ட சத்தம்

சங்கரன்கோவிலில் மாசம் ஒரு நாள் ஷட்டவுன் உண்டு. காலையில் கரண்ட்டை நிறுத்தினால் சாயங்காலம்தான் வரும். முந்தின நாளே மாவு ஆட்டி, டேங்கில் தண்ணீர் ஏற்றி வைத்துவிடுவார்கள். தறிகள் எல்லாம் நின்று, தெருவே காது அடைத்தாற்போல் இருக்கும். அப்படி ஒரு நாளில்தான் கோமதியக்கா மொட்டைமாடியில் நின்று, "யாராவது வாங்களேன்" என்று தெருவைப் பார்த்துக் கத்தினார்.

கீழே அவர் கணவர் சங்கரநாராயணன் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். காலமெல்லாம் விசைத்தறி ஓட்டிய மனுஷர். பஞ்சுத் தூசியும் பீடியுமாகச் சேர்ந்து நெஞ்சைக் கெடுத்துவிட்டன. வீட்டில் கரண்ட்டில் ஓடும் ஆக்சிஜன் மெஷின் இருக்கிறது. வீட்டு இன்வெர்ட்டர் அதைத் தாங்காது; ஷட்டவுன் என்றால் சிலிண்டர். சிலிண்டரில் முள் சிவப்புக்கு இறங்கினால் அக்கா லேண்ட்லைனில் ஒரு போன் போடுவார், சிலிண்டர்க்காரர் வேறொன்று கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போவார். அவர்கள் வீட்டு ஏற்பாடு அதுதான். ஒருநாளும் பிசகியதில்லை.

அன்றைக்கு முள் இறங்கியதும் அக்கா ரிசீவரை எடுத்தார். உயிரே இல்லை. செல்போனைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினார், ஏனென்றால் வீட்டுக்குள் சிக்னல் எட்டாது. அன்றைக்குப் பார்த்து மாடியிலும் எட்டவில்லை. அதற்கப்புறம்தான் கத்தினார். எதிர்வீட்டுத் தறிக்கூடத்துக்காரர் காதில் விழுந்து, பைக்கை எடுத்துக்கொண்டு போய்ச் சிலிண்டர்க்காரரைச் சிலிண்டரோடு ஏற்றிக்கொண்டு வந்தார். சங்கரநாராயணன் பிழைத்தார். தறி ஓடிக்கொண்டிருந்தால் அந்தச் சத்தம் ஒருத்தர் காதிலும் விழுந்திருக்காது.

அந்த வீட்டு போனைச் செம்புக் கம்பியிலிருந்து ஃபைபருக்கு மாற்றி ரொம்ப நாள் ஆகவில்லை. மாற்றியது நான் வேலை பார்த்த ஏஜென்சி.

2. மீட்டிங்கில் சொன்னது

நான் மாரியப்பன். போஸ்ட் மரம் ஏறிக் கம்பி இழுத்த காலத்திலிருந்து இந்த ஊரில் லைன் வேலைதான். கடைசியில் ஒரு காண்ட்ராக்ட் ஏஜென்சியில் ஃபைபர் ஸ்ப்ளைசிங், அதாவது கண்ணாடி இழையை ஒட்டவைக்கிற வேலை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் என்று வீட்டில் சொல்வார்கள். சொல்லட்டும். கோபப்பட வேண்டிய இடத்தில் சிரித்துக்கொண்டு நிற்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்றை விளக்கிவிடுகிறேன். பழைய லேண்ட்லைனுக்கு வீட்டில் பிளக் கிடையாது. அதற்கு வேண்டிய கரண்ட் எக்ஸ்சேஞ்சின் பேட்டரி ரூமிலிருந்து செம்புக் கம்பி வழியாகவே வந்துவிடும். ஊரே இருட்டில் கிடந்தாலும் போனை எடுத்தால் டயல் டோன் கேட்கும். ஃபைபரில் வருவது வெளிச்சம். அதைப் பேச்சாக மாற்ற வீட்டில் ஒரு மோடம் வேண்டும், அந்த மோடத்துக்கு வீட்டுக் கரண்ட் வேண்டும். கரண்ட் போனால் மோடம் போச்சு, மோடம் போனால் போன் போச்சு. ஆனால் மோடத்துக்குப் பின்னால் மாட்டுவது அதே பழைய போன், அதே நம்பர். பார்க்கிறவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

வேலை ஆரம்பிக்கும் முன்னால் நடந்த மீட்டிங்கில் இதை நான் கேட்டேன்.

"சார், கரண்ட் போனா பேசாதுன்னு வீட்டுக்காரங்ககிட்ட சொல்லிரணும்லா? வயசானவங்க வீடுதான் லேண்ட்லைன்ல நெறைய இருக்கு."

மேனேஜர் மதுரைக்காரர். கையில் செல்போனை நோண்டிக்கொண்டே சொன்னார். "அண்ணாச்சி, அதெல்லாம் நீங்களா போய்ச் சொல்லாதீங்க. சொன்னா எவனும் மாத்த மாட்டான். எல்லார் வீட்லயும்தான் இன்வெர்ட்டர் இருக்கே."

"கேட்டா என்ன சொல்ல?"

"பேசும்னு சொல்லுங்க. இன்வெர்ட்டர் இருந்தா பேசும்ல? பொய்யா அது?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அது இதுதான். சுற்றி இருந்த பையன்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். நான் போன வீடுகளில் எல்லாம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அதனால் என் கணக்கில் வேலை குறைவு என்று எனக்குத் திட்டும் விழுந்தது. கோமதியக்கா வீட்டுக்குப் போனது வேறு டீம்.

3. டிவி பக்கத்துப் பிளக்

ஷட்டவுனுக்கு மறுநாள் கம்ப்ளைண்ட் என் போனுக்கு வந்தது. போனேன். கதவைத் திறந்த கோமதியக்கா என் சட்டையில் ஏஜென்சி பெயரைப் பார்த்தார்.

"வாரும் தம்பி. வந்து பாரும், ஆளு உசுரோட இருக்காரான்னு."

சங்கரநாராயணன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்கில் டியூப். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து ஒரு கையை மட்டும் தூக்கினார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"மாட்ட வந்த பயகிட்ட நான் கேட்டேன்யா," என்றார் அக்கா. "இவருக்கு இப்படி மேலுக்கு முடியல, கரண்ட் போனா போன் பேசுமான்னு வாயத் தொறந்து கேட்டேன். பேசும்மான்னான். சத்தியமா பேசுமாடேன்னு திருப்பியும் கேட்டேன். அதெல்லாம் ஜம்முனு பேசும் ஆத்தான்னுட்டுப் போனான். அவன் வீட்டுல கெழடு கெட்டை யாரும் இல்லியா?"

மோடம் எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். ஷோகேஸில், டிவி பக்கத்துப் பிளக்கில். இந்த ஊரில் இன்வெர்ட்டர் லைனை ஒரு ஃபேனுக்கும் ஒரு லைட்டுக்கும் மட்டும்தான் இழுப்பார்கள். டிவிக்குக் கொடுத்தால் சீக்கிரம் சார்ஜ் இறங்கிவிடும் என்று கொடுக்க மாட்டார்கள். சங்கரன்கோவிலில் பிறந்து வளர்ந்த எந்தப் பையனுக்கும் இது தெரியும். மாட்டியவனும் இந்த ஊர்ப் பையன்தான். தெரிந்தேதான் அதில் சொருகியிருக்கிறான். ஷோகேஸில் வைத்தால் பார்க்க நன்றாக இருக்கும், ஒயர் இழுக்கிற வேலையும் மிச்சம். போதாததற்குப் போகும்போது பழைய செம்புக் கம்பியையும் வெட்டிச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான்.

அங்கேயே மாடிக்கு ஏறி ஆபீஸுக்குப் போன் அடித்தேன். பேட்டரி வேண்டும் என்றேன். ஸ்டாக்கில் அப்படி ஒன்றும் கிடையாது என்றார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே ஆப்பில் அந்தக் கம்ப்ளைண்ட் மூடப்பட்டுவிட்டது. காரணம்: கஸ்டமர் வீட்டு மின்தடை.

வண்டியை நேரே ஆபீஸுக்கு விட்டேன்.

"சார், ஒரு ஆளு சாகக் கெடந்திருக்கான்."

"கேள்விப்பட்டேன் அண்ணாச்சி. பாவம். ஆனா கரண்ட் போனதுக்கு நாம என்ன பண்ண முடியும்? அது போர்டு விஷயம்."

"கரண்ட் போனதுக்கு உங்கள யாரு கேட்டா? அந்தம்மா கேட்ட கேள்விக்கு ஏன் பொய் சொன்னீங்கன்னு கேக்கேன்."

"நான் எங்க சொன்னேன்? பையன் சொல்லியிருக்கான். அவனைக் கூப்பிட்டு வார்ன் பண்றேன்."

மீட்டிங்கில் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். ஞாபகம் இல்லை என்றார். எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி உட்கார்ந்திருந்தார். "நாளைக்கி ஒங்க அப்பாவுக்கு இப்படி ஆனா, ஷோகேஸ் அழகா இருக்குன்னு பாத்துக்கிட்டு இருப்பீங்களா?" என்றேன். அதற்கு மட்டும் முகம் சிவந்தது. "வார்த்தையை அளந்து பேசுங்க அண்ணாச்சி" என்றார். அளந்து பேசுகிற ஆள் நான் இல்லை. ஐடி கார்டைக் கழற்றி அவர் மேஜையில் போட்டேன். வேறு ஆள் கிடைக்காத சீசன் என்பதால் அன்று சாயங்காலமே அதைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினார்கள். நானும் வாங்கிக்கொண்டேன். நான் போய்விட்டால் மீதி வீடுகளில் அந்த "ஜம்முனு பேசும்" தான் நடக்கும்.

4. மறுமாச ஷட்டவுன்

பஜாரில் மோடத்துக்கென்றே ஒரு மினி யுபிஎஸ் விற்கிறார்கள். உள்ளங்கை அகலப் பெட்டிதான். அதை வாங்கிப் போய் அக்கா வீட்டு மோடத்தில் மாட்டினேன். மோடத்தை ஷோகேஸிலிருந்து எடுத்து, கட்டிலுக்குப் பக்கத்தில், இன்வெர்ட்டர் லைன் ஓடும் சுவரில் வைத்தேன். மாட்டி முடித்ததும் அக்கா என்னை நம்பவில்லை. எப்படி நம்புவார்? "இனி எவன் சொல்லையும் நம்ப மாட்டேன் தம்பி. ஷட்டவுன் அன்னைக்கி நீரே இங்கன வந்து ஒக்காரும்" என்றார். சரி என்றேன்.

அன்றைக்குப் போய் உட்கார்ந்தேன். கரண்ட் போனது. தறிச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. அக்கா சிலிண்டரைத் திறந்து டியூபை மாற்றிவிட்டு, ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார். டயல் டோன் கேட்டது. அப்படியும் திருப்தி இல்லாமல் சிலிண்டர்க்காரரைக் கூப்பிட்டு, "சும்மாதான் போட்டேன், வையி" என்றார். அவர் கண் கலங்கியதை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

அன்றிலிருந்து எந்த வீட்டில் லைன் மாற்றினாலும், போனை மோடத்தில் மாட்டி, பழைய கம்பியை வெட்டும் முன் நானே மெயின் ஸ்விட்சை அமர்த்திவிடுவேன். அப்புறம் வீட்டுக்காரர்களைப் போனை எடுக்கச் சொல்வேன். பேசாத போனை அவர்கள் காதாலேயே கேட்கட்டும். அதற்கப்புறம் மாற்றுவதா வேண்டாமா என்று அவர்கள் முடிவு செய்யட்டும். இந்த வேலைக்கு வருகிற தம்பிகளே, வேறெதையும் கற்றுக்கொள்ளாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

நான் எழுந்திருக்கப் போனபோது சங்கரநாராயணன் கையைத் தூக்கினார்.

"ஒங்க மேனேஜர்... நம்பரப் போடும்."

அக்கா, "வேண்டாம், பேசாதீய, எளைக்கும்" என்றார். அவர் கேட்கவில்லை. நான் நம்பரை அழுத்தி ரிசீவரைக் கொடுத்தேன். மறுமுனையில் மேனேஜர் எடுத்தது எனக்கும் கேட்டது.

"சொல்லுங்க சார், என்ன கம்ப்ளைண்ட்?"

"கம்ப்ளைண்ட் இல்ல. நான்... அன்னைக்கி சாகக் கெடந்தவன் பேசுதேன்." நிறுத்தி மூச்சு வாங்கினார். "இப்ப இங்கன கரண்ட் இல்ல. போன் பேசுது. மாரியப்பன் மாட்டிக் குடுத்தாரு."

மேனேஜர், "ரொம்ப சந்தோஷம் சார்" என்று என்னவோ ஆரம்பித்தார்.

"இரும். ஒரு வார்த்தை சொல்ல... எனக்கு ஒரு மூச்சு செலவாகுது." மறுபடி நிறுத்தினார். சிலிண்டரிலிருந்து காற்று வரும் சத்தம் மட்டும் கேட்டது. "உண்மையச் சொல்ல... ஒமக்கு என்னவே செலவு?"

கேட்டுவிட்டு, ரிசீவரை வைக்காமல் காதிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தார்.