ஆகிரியின் மேல் போட்ட பழி

ஒலிபெருக்கியை நிறுத்தாமலே இசை விழாக் காரியதரிசி பேசிவிட்டார். அதனால் அவர் சொன்னது மண்டபம் முழுக்கக் கேட்டது. "ஆகிரி பாடாதம்மான்னு படிச்சிப் படிச்சிச் சொன்னேன். கேட்டாத்தானே? இப்ப பாரு, சோறு வரல." மேடையில் சுருதிப்பெட்டியை உறைக்குள் போட்டுக்கொண்டிருந்த பாட்டு டீச்சரின் கை அப்படியே நின்றது. கீழே உட்கார்ந்திருந்தவர்களில் சிலர் சிரித்தார்கள். சிலர் தலையை ஆட்டி ஆமோதித்தார்கள். முன்வரிசையில் இருந்த நான் எழுந்து நின்றுவிட்டேன். இத்தனை வருஷம் கழிந்தும் அந்த மண்டபத்தைக் கடந்து பஸ் போகும்போது எனக்குக் காது சூடாகிறது.

ஆகிரி என்பது ஒரு ராகம். விடிகாலைக்கு உரியது என்பார்கள். அதைப் பாடினால் பாடியவருக்கு அன்றைக்குச் சோறு கிடைக்காது என்று சங்கீதக்காரர்களிடையே ஒரு நம்பிக்கை உண்டு. எவன் கட்டிவிட்ட கதையோ தெரியாது. பெரிய வித்வான்கள்கூட அதற்குப் பயந்து ஒதுங்குவார்கள் என்று டீச்சரே எனக்குச் சொல்லியிருக்கிறார். அழகான பிள்ளையைப் பெற்றுவிட்டு, கண் படும் என்று வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்த மாதிரி.

டீச்சரும் நானும் கச்சிராயபாளையத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தோம். நான் சயின்ஸ், அவர் பாட்டு. அவருடைய அப்பா கல்யாணங்களுக்கும் கோயில்களுக்கும் நாதஸ்வரம் வாசித்தவர். மகள் வாய்ப்பாட்டுப் படித்து, அரசாங்கத்தின் இசைப் பரீட்சை எழுதி வேலைக்கு வந்தவர். பள்ளிக்கூடத்தில் பாட்டு பீரியடுக்கு என்ன மரியாதை இருக்கும் என்பது தெரிந்ததுதான். கணக்கு வாத்தியாருக்குப் பாடம் பாக்கி இருந்தால் பாட்டு பீரியடைப் பிடுங்கிக்கொள்வார். டீச்சர் ஒன்றும் சொல்ல மாட்டார். ஆசிரியர் அறையின் கடைசி ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கல்வராயன் மலையைப் பார்த்தபடி வாய்க்குள்ளேயே பாடிக்கொண்டிருப்பார்.

என் முதல் குழந்தை பிறந்து சில நாட்களிலேயே போய்விட்டது. விடுப்பு முடிந்து பள்ளிக்கூடத்துக்குத் திரும்பியபோது எல்லோரும் என்னைச் சுற்றி நின்று ஆறுதல் சொன்னார்கள். அடுத்தது நல்லபடியாகப் பிறக்கும் என்றார்கள். எனக்கு அழுகையே வரவில்லை. நெஞ்சுக்குள் என்னவோ கட்டிப்போயிருந்தது, பால் கட்டின மாதிரியே. ஒரு நாள் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தேன். டீச்சர் ஜன்னல் பக்கம் இருந்து மெதுவாக ஏதோ பாட ஆரம்பித்தார். வார்த்தை இல்லை, வெறும் ராகம். அழுது ஓய்ந்த குழந்தை தூக்கத்திலே விசும்புமே, அந்த விசும்பல் அதில் இருந்தது. எப்போது நான் அழ ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியாது. டீச்சர் நிறுத்தவில்லை, எழுந்து வந்து கட்டிப்பிடிக்கவும் இல்லை. நான் அழுது முடிக்கும்வரை பாடினார். பிறகு, "சாப்டுங்க டீச்சர், சோறு ஆறிப்போவுது" என்றார். குழந்தை போனதற்குப் பிறகு வாய்க்கு ருசி தெரிந்து நான் சாப்பிட்ட முதல் சோறு அதுதான். என்ன ராகம் என்று கேட்டதற்கு ஆகிரி என்றார். சாமி கும்பிடுகிறவர்கள் சன்னிதியில் என்ன பெறுகிறார்கள் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எனக்குக் கிடைத்தது அந்த ஆசிரியர் அறையில்தான் கிடைத்தது. சோறு கொடுக்காத ராகம் என்று அதைச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது என்றால், காரணம் இதுதான்.

கள்ளக்குறிச்சியில் வருஷா வருஷம் நவராத்திரியை ஒட்டி இசை விழா நடத்துவார்கள். காரியதரிசி அரிசி மண்டி முதலாளி. வெளியூர் வித்வான்களைக் கூப்பிட்டு, சால்வை போட்டு, எல்லோருக்கும் வடை பாயசத்தோடு சாப்பாடு போடுவார்கள். உள்ளூரில் இப்படி ஒருவர் பாடுகிறார் என்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் நாதஸ்வரக்காரர் மகள். அப்பா வாசலில் நின்று வாசித்த மண்டபத்தில் மகளை மேடையில் உட்கார வைப்பதா என்ற யோசனை அவர்களுக்கு. ஒரு வருஷம் காலை நேரத்துக்கு வரவேண்டியவர் வர முடியவில்லை. அவசரத்துக்கு டீச்சரைக் கேட்டார்கள். டீச்சர் சரி என்றார். அன்றிலிருந்து கச்சேரி நாள் வரைக்கும் அவர் வெந்நீர் தவிர வேறு தண்ணீர் குடித்து நான் பார்க்கவில்லை. "இது நல்லா அமைஞ்சிட்டா போதும் டீச்சர். அடுத்தடுத்து கூப்புடுவாங்க. அப்பா பேரைச் சொல்லி ஒரு தடவையாவது மேடையில உக்காந்து பாடிட்டன்னா போதும்" என்பார். ஆகிரி வேண்டாம் என்று காரியதரிசி சொல்லி அனுப்பியிருந்தார். தனக்கு நன்றாகக் கைவந்தது அதுதான், காலை நேரத்துக்குப் பொருத்தமும் அதுதான் என்று டீச்சர் பதில் சொல்லி அனுப்பினார்.

அது இட ஒதுக்கீட்டுப் போராட்ட காலம். படிப்பிலும் வேலையிலும் எங்கள் பங்கு எங்கே என்று கேட்டு ஜனங்கள் ரோட்டுக்கு வந்த வருஷங்கள். புளியமரங்களை வெட்டி ரோட்டின் குறுக்கே போட்டுவிடுவார்கள், ஒரு வண்டி நகராது. கச்சேரி அன்று முதல் பஸ்ஸில் நாங்கள் எப்படியோ டவுனுக்கு வந்து சேர்ந்துவிட்டோம். எங்களுக்குப் பின்னால் ரோடுகள் அடைபட்டன. விழாவுக்குச் சமைப்பவர் திருக்கோவிலூர்க்காரர். ஆட்கள், பாத்திரங்கள், நறுக்கிய காய்கறியோடு வேனில் கிளம்பிய அவர் தியாகதுருகத்துக்கு அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டார்.

இது எதுவும் தெரியாமல் டீச்சர் பாடிக்கொண்டிருந்தார். அன்று பாடிய ஆகிரியைப் பற்றி எழுத எனக்குச் சங்கீதம் தெரியாது. கேட்டவர்களைப் பார்த்தேன், அதைச் சொல்கிறேன். விசிறிக்கொண்டிருந்தவர்கள் விசிறியை மடியில் வைத்தார்கள். பேசிக்கொண்டிருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். கச்சேரிக்கு வந்தாலும் கணக்குப் பேசுகிற காரியதரிசியே கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், நான் பார்த்தேன். மங்களம் பாடி முடித்ததும் பலமாகக் கை தட்டினார்கள். டீச்சர் என்னைப் பார்த்துச் சின்னதாகச் சிரித்தார். அமைந்துவிட்டது என்று அந்தச் சிரிப்புக்கு அர்த்தம்.

வேன் வரவில்லை என்ற செய்தி அதற்குப் பிறகுதான் வந்தது. பசிக்க ஆரம்பித்ததும் கேட்ட பாட்டெல்லாம் மறந்துவிட்டது போலிருக்கிறது. ஒருவர் காரியதரிசியிடம் போய் ஏதோ முணுமுணுத்தார். அதற்குப் பிறகுதான் ஒலிபெருக்கியில் அந்தப் பேச்சு. அவருக்குப் பின்னால் இருந்த இன்னொருவர், "ரோட்ல உக்காந்து பங்கு கேக்குறாங்க. இங்க மேடையில பங்கு குடுத்தோம், இன்னா ஆச்சு பாத்தீங்களா?" என்றார். அதற்கும் சிரிப்பு.

நான் விடவில்லை. "மரத்தை வெட்டிப் போட்டது ராகமா சார்? வேன் மாட்டிக்கினது டீச்சர் பாட்டாலயா?" என்று கேட்டேன். "உங்களுக்கு இதெல்லாம் தெரியாதுங்க. சயின்ஸ் டீச்சர் நீங்க" என்றார் காரியதரிசி. சரி, இங்கேயே சோறு பொங்கினால் என்ன என்று கேட்டேன். அவருடைய மண்டி அந்தத் தெருக்கோடியிலேயே இருந்தது. மூட்டை மூட்டையாக அரிசி. மண்டபத்தில் அடுப்பு இருந்தது, அண்டா இருந்தது, விறகு இருந்தது, தண்ணீர் இருந்தது. வந்திருந்த பெண்களில் பாதிப் பேர் எழுந்து போய் உலை வைத்திருந்தால் ஒரு மணி நேரத்தில் எல்லோரும் சாப்பிட்டிருக்கலாம். "அதெப்படிங்க? விழாவுக்குன்னு ஒரு ஆச்சாரம் இருக்குது. சமையல்காரர் கையாலதான் சமைக்கணும். கண்டவங்க அடுப்புல கை வச்சா வித்வானுங்க சாப்பிடுவாங்களா?" என்றார். அரிசி மண்டிக்காரர் அரிசியைப் பூட்டி வைத்துவிட்டு ஊரையே பட்டினி போட்டார். பழியை மட்டும் ஆகிரியின் மேல் போட்டார். இப்படி ஒரு கூத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

பஸ் இல்லாததால் நாங்கள் இரண்டு பேரும் கச்சிராயபாளையம் ரோட்டில் நடந்தோம். நடையை நிறுத்தாமலே டீச்சர் சொன்னார்: "எங்கப்பா ஒரு நாளும் ஆகிரி வாசிச்சதே இல்ல டீச்சர். அவ்ளோ பயம் அவருக்கு. ஆனா எந்தக் கல்யாணத்துலயும் அவருக்கு நேரத்துக்கு இலை போட்டது இல்ல. எல்லாரும் சாப்ட்டு முடிச்சப்புறம் கொல்லைப் பக்கமா கூப்புடுவாங்க. சில நாளு அதுவும் இல்லாம வெறும் வயித்தோட வூட்டுக்கு வந்துருவாரு. அது எந்த ராகம் வாசிச்சதாலன்னு காரியதரிசியக் கேட்டுச் சொல்லுங்களேன்."

ஊருக்கு வெளியே ரோட்டில் ஒரு பெரிய புளியமரம் விழுந்து கிடந்தது. அதைச் சுற்றி ஆணும் பெண்ணுமாக ஒரு கூட்டம். ஓரத்தில் கல் கூட்டி அண்டாவில் சோறு பொங்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கொண்டுவந்த அரிசி. வெள்ளிமலையிலிருந்து கடுக்காய் மூட்டையோடு இறங்கி வந்து வழியில் மாட்டிக்கொண்ட ஒரு மலைக் குடும்பமும் அங்கே உட்கார்ந்திருந்தது. அடுப்பைக் கிண்டிக்கொண்டிருந்த ஒரு பெண் டீச்சரை அடையாளம் கண்டுகொண்டாள். அவள் மகள் எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தாள். "டீச்சர், இன்னிக்கு மண்டபத்துல உங்க பாட்டாமே? பொண்ணு சொல்லிச்சி. நாங்கதான் வர முடியாம இங்க மறிச்சிக்கினு கெடக்கறோம். சோறு வேவற வரைக்கும் ஒண்ணு பாடுங்களேன்" என்றாள்.

டீச்சர் மறுத்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் மரத்தின் மேல் உட்கார்ந்தார், உறையைப் பிரித்துச் சுருதிப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். மறுபடியும் ஆகிரிதான். பிடிவாதமாகப் பாடினார் என்று எனக்குத் தெரியும். அங்கே எல்லோரும் உருகிப்போனார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆண்கள் ஓரமாகக் கட்சி விஷயம் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். மலைக்காரப் பெண் தன் குழந்தையைத் தட்டித் தூங்க வைத்தாள். பாட்டு முடிந்ததும் அடுப்படிப் பெண் மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு, பூவரச இலைகளைக் கழுவித் தைத்து எங்கள் முன்னால் போட்டாள். சோறும் கத்திரிக்காய் சாம்பாரும் கொதிக்கக் கொதிக்கப் போட்டாள். "இன்னம் கொஞ்சம் போட்டுக்கோங்க, வெக்கப்படாதீங்க" என்று டீச்சரின் இலையில் மறுபடி மறுபடி வைத்தாள். மண்டபத்தில் அத்தனை பேர் பட்டினி கிடந்த அன்று, இரண்டு தரம் ஆகிரி பாடியவர் வயிறு நிறையச் சாப்பிட்டார். இதை அங்கே இருந்து பார்த்தவள் நான்.

பார்த்து என்ன பயன்? டீச்சருக்கு ராசி இல்லை என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. பேச்சு கள்ளக்குறிச்சியோடு நிற்கவில்லை. அடுத்த வருஷ விழாவுக்கு அவரைக் கூப்பிடவில்லை, அதற்கடுத்த வருஷமும் இல்லை. கல்யாண வரவேற்புகளில் பாடச் சொல்லி வந்தவர்களும் நின்றுபோனார்கள். எங்கள் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் கடவுள் வாழ்த்தைக்கூட, "எதுக்கு வம்பு, பிள்ளைங்களே பாடட்டும்" என்று தலைமை ஆசிரியர் மாற்றிவிட்டார். எம்.எஸ்ஸி. படித்த மனிதர். வேலையில் டீச்சருடைய பங்கைச் சட்டம் வாங்கிக் கொடுத்தது. பாட்டில் அவருடைய பங்கைக் கேட்டு எவன் மரம் வெட்டிப் போடுவான்? பணி ஓய்வு பெறும்வரை அவர் எந்த மேடையிலும் ஏறவில்லை. பிறகு தைராய்டுக்கு ஆபரேஷன் ஆயிற்று. பேச்சுக் குரல் மிஞ்சியது, பாட்டுக் குரல் போய்விட்டது.

போன வருஷ விழாவுக்கு நான் போயிருந்தேன். இப்போது காரியதரிசியின் மகன் காரியதரிசி. சென்னையிலிருந்து ஒரு இளம் பெண் வந்திருந்தாள். காலைக் கச்சேரி. ஆகிரி பாடப் போவதாகச் சொல்லி, சோறு கிடைக்காது என்ற அந்தக் கதையையும் சிரித்தபடி சொன்னாள். மகன் ஒலிபெருக்கியை வாங்கி, "யாரும் பயப்படாதீங்க, சாப்பாடு ரெடியா இருக்குது" என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவள் பாடினாள், கை தட்டினார்கள், சால்வை போட்டார்கள், பந்திக்குப் போனார்கள். இலையில் உட்காரச் சொன்ன மகனிடம் நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அப்பா சொன்னதை, டீச்சருக்கு நடந்ததை. அவர் மரியாதையாகத்தான் கேட்டார். "அதெல்லாம் அந்தக் காலத்து மூடநம்பிக்கைங்க டீச்சர். இப்ப யாரு பாக்குறாங்க? விட்டுத் தள்ளுங்க. பாயசம் சூடா இருக்குது, உக்காருங்க" என்றார். எவ்வளவு சுலபம்! தண்டனை கொடுத்தவர்களே அது மூடநம்பிக்கை என்று சொல்லிச் சிரித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள். தண்டனையை அனுபவித்தவரிடம் அதைச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. நான் சாப்பிடாமல் வெளியே வந்தேன்.

அங்கிருந்து நேராக டவுன் பஸ் ஏறிக் கச்சிராயபாளையம் போனேன். டீச்சர் வீட்டில் தனியாக இருந்தார். நடந்ததை நான் ஆத்திரத்தோடு சொல்லச் சொல்ல, அவர் ஆத்திரப்படவே இல்லை. "அந்தப் பொண்ணு எப்டிப் பாடிச்சி?" என்று மட்டும் கேட்டார். பொய் சொல்ல மனம் வரவில்லை. நன்றாகப் பாடினாள் என்றேன். "எங்க ஆரம்பிச்சா? கீழ இருந்தா? நிதானமா எடுத்தாளா, அவசரப்பட்டாளா?" என்று அந்தக் கரகரத்த குரலில் கேட்டுக்கொண்டே போனார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"நீங்க வந்து கேட்டிருக்கலாம் டீச்சர். வாசல் திறந்துதானே இருந்தது? மூடநம்பிக்கைன்னு அவங்களே சொல்லிட்டாங்களே" என்றேன்.

"நான் வந்து உக்காந்து, சோறு வர்றதுக்கு லேட்டாயிட்டா இன்னா பண்றது?" என்றார்.

கேலியாகச் சொல்கிறார் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.