வீடு பார்க்க வந்தவர்

எங்கள் சிகாமட் வீட்டை விற்பதற்காக நாங்கள் போட்ட வேஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது. வேஷம் வீட்டுக்கு மட்டுமில்லை, எங்களுக்கும்தான். எனக்கு அப்போது பதினான்கு வயது. தண்டவாளத்துக்குப் பக்கத்திலிருந்த அந்தப் பலகை வீட்டில் அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேர்தான் இருந்தோம்.

அப்பா ஒரு ரப்பர் தோட்டத்தில் ஆள் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவர். விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று ஆட்களின் பேரைக் கூப்பிடுவார். பிந்தி வந்தவர்களுக்கு அரைப்பேர் போடுவார், அதாவது அன்றைக்குப் பாதிக் கூலிதான். ரப்பர் விலை படுத்தபோது தோட்டத்தில் முதலில் மரத்தில் பால்வெட்டுகிறவர்களைக் குறைத்தார்கள். கூப்பிடுவதற்குப் பேரே இல்லாமல் போன பிறகு கிராணி எதற்கு? அப்பாவையும் அனுப்பிவிட்டார்கள்.

வேலை போனவர்களைச் சர்க்கார் செலவிலேயே கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. பெயர் கொடுத்தால் எங்களையும் ஏற்றிக்கொள்வார்கள் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். அப்பாவால் அதைக் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. தான் பேர் கூப்பிட்ட ஆட்களோடு வரிசையில் நின்று, வேறு யாரோ தன் பேரைக் கூப்பிட, இவர் கைகட்டிப் பதில் சொல்வதா? சொந்தக் காசில் டிக்கெட் எடுத்துத்தான் கப்பலேறுவேன் என்று ஒரே பிடியாக நின்றார். அதற்கு வீட்டை விற்றாக வேண்டும். அதுவும் சீக்கிரம் விற்க வேண்டும், ஏனென்றால் வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக விற்றுத்தான் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

பாசார் பக்கம் கடை வைத்திருந்த ஒரு ராவுத்தர் தரகு பேச முன்வந்தார். டவுனிலேயே ஒரு ஆள் இருக்கிறார், கையில் ரொக்கம் வைத்திருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை அழைத்து வருகிறேன் என்றார். ஆள் யார் என்று அப்பா கேட்டதற்கு, நேரில் பார்த்துக்கொள்ளலாம் என்று சிரித்தார். வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு, இப்படிக் காலியாகக் கிடந்தால் விற்கிறவன் விழுந்துவிட்டான் என்று வாங்குகிறவனுக்குத் தெரிந்துபோகும், விலையைக் கீழே அடிப்பான், நாலு சாமான் கண்ணில் படட்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது எங்கள் கூத்து. ரயில்வேயில் வேலை செய்த ஒருவர் வீட்டிலிருந்து நாற்காலிகள் வந்தன. எதிர் வரிசை வீட்டுச் சுவர்க் கடிகாரத்தை நான்தான் பாவாடையில் மூடி எடுத்து வந்தேன். அது வழியிலேயே மணி அடித்துத் தொலைத்தது. அம்மா யாரிடமோ கண்ணாடி டம்ளர்களும் சர்பத்தும் வாங்கி வைத்தாள். எங்கள் நிலைமை வெளியே தெரியக்கூடாது என்று நாங்கள் செய்த காரியத்தால்தான் அது தெரு முழுக்கத் தெரிந்தது. இரவல் கேட்கப் போன ஒவ்வொரு வீட்டிலும் அம்மா ஒரு பொய் சொன்னாள், அவர்களும் நம்பியதுபோல் தலையாட்டினார்கள்.

வீட்டில் மறைக்க வேண்டியது இன்னொன்றும் இருந்தது. ஒரு மழைக்காலத்தில் ஆறு பெருகி உள்ளே வந்த தண்ணீர், கூடத்துச் சுவரில் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோட்டை விட்டுப் போயிருந்தது. அம்மாவும் நானும் சாம்பலும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்த்துப் பார்த்தோம். சுண்ணாம்பு அடித்தோம். காய்ந்ததும் கோடு மறுபடி மேலே வந்து நின்றது. கடைசியில் அப்பா ஒரு பெரிய அலமாரியை இரவல் வாங்கி வண்டியில் ஏற்றி வந்தார். வண்டிக்காரர் அதைக் கூடத்து நடுவில் இறக்கிவிட்டு அடுத்த சவாரிக்கு ஓடிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா தன் பழைய கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு அந்த அலமாரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அம்மாவும் நானும் தள்ளிப் பார்த்தோம். அது அசையவில்லை. அப்போதுதான் எங்களுக்குப் பால் ஊற்றுகிறவர் மனைவியோடு வாசலில் வந்து நின்றார். முன்பு அப்பாவின் தோட்டத்தில் பால்வெட்டியவர். பிறகு மாடு வாங்கி வளர்த்து, டவுன் காப்பிக் கடைகளுக்கெல்லாம் பால் ஊற்றி வந்தார். இப்போது ‘அவர்’ என்று எழுதுகிறேன். அந்த நாளில் எங்கள் வீட்டில் அவர் ‘அவன்’தான்.

வெள்ளை வேட்டியும் சட்டையுமாக வந்திருந்தார். அவர் மனைவி தலையில் பூ வைத்திருந்தாள். அப்பா, என்ன கோயிலுக்கா என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"ராவுத்தரு வரச் சொன்னாருங்க ஐயா…" என்று அவர் ஆரம்பித்தார்.

ராவுத்தர் வருகிற நேரம்தான், நீ முதலில் இந்தப் பக்கம் பிடி என்றார் அப்பா. அவர் ஒரு நொடி மனைவியைப் பார்த்தார். பிறகு தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து அலமாரியைப் பிடித்தார். தள்ளு, இன்னும் தள்ளு, மெதுவாக என்று அப்பா பெரட்டுக் களத்துக் குரலில் ஏவிக்கொண்டிருந்தார். சுவரை ஒட்டி நிறுத்திய பிறகும் அலமாரியின் ஓரத்தில் ஒரு முழம் கோடு தெரிந்தது. அதைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்.

"இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளினா மறைஞ்சிரும்ங்க."

தள்ளினார்கள். மறைந்தது. அப்பா அவர் முதுகில் தட்டிக் கொடுத்தார். வேலை முடிந்ததும் அம்மா அவர்கள் இருவரையும் பின்பக்கம் வரச் சொல்லி, வெளியாட்களுக்கென்று வேலியில் மாட்டியிருந்த தகரக் குவளையில் தண்ணீர் கொடுத்தாள். பெரிய மனுஷர்கள் வருகிற நேரம், சட்டென்று குடித்துவிட்டுக் கிளம்புங்கள் என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் அது சாதாரணமாகத்தான் இருந்தது.

ராவுத்தர் சைக்கிளில் வந்து இறங்கினார். பின்பக்கம் நின்றவரைப் பார்த்ததும், "அட, முன்னாடியே வந்துட்டீங்களா, வீட்டைப் பாத்தாச்சா?" என்று கேட்டார். அப்பா ராவுத்தருக்குப் பின்னால் ரோட்டை எட்டிப் பார்த்தார். ரோட்டில் யாரும் இல்லை. பிறகுதான் அவருக்குப் புரிந்தது. அம்மாவுக்கு அதற்கு முன்பே புரிந்துவிட்டது, அவள் முகத்தை மூடிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

எல்லோரும் கூடத்துக்கு வந்தோம். அந்த ஆளை அப்பா வாழ்நாளில் உட்காரச் சொன்னதில்லை. நாற்காலியைப் பார்த்துக்கொண்டே, "உக்காரலாமே" என்றார். யாரைச் சொல்கிறார் என்று தெரியாத மாதிரி ஒரு பேச்சு. அவர் பரவாயில்லைங்க என்று நின்றுகொண்டே இருந்தார். அப்பாவும் உட்கார முடியாமல் நின்றார். இரவல் நாற்காலிகள் எல்லாம் காலியாகவே கிடந்தன. அம்மா என் கையில் சர்பத்தைக் கொடுத்து அனுப்பினாள். கண்ணாடி டம்ளரை நீட்டினேன். இப்போதுதானே தண்ணீர் குடித்தோம், வேண்டாம் கண்ணு என்று அவர் மனைவி தணிவாகச் சொன்னாள். அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அப்பா கேட்ட விலைக்கு அவர் பேரமே பேசவில்லை. எனக்குத் தெரிந்து அப்பாவை அதைவிட எதுவும் அன்றைக்குத் தாழ்த்தவில்லை. ஒரு வார்த்தை குறைத்துக் கேட்டிருந்தால் அப்பா கொஞ்சம் நிமிர்ந்து பதில் சொல்லியிருப்பார். தண்ணி எதுவரைக்கும் ஏறும்னு தெரியும்ங்க, பின்னால மேட்டுல மாடு கட்டிக்குவேன் என்று மட்டும் பால்காரர் சொன்னார். எங்கள் அலமாரி வேலையைக் காட்டிக் கொடுக்கிறோம் என்று நினைத்தோ என்னவோ, அதைச் சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டார். பழைய பழக்கத்தில்தான் அன்று அலமாரியைத் தள்ளினாரா, எங்கள் மானத்தைக் காப்பாற்றத் தள்ளினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அதோடு முடிந்திருக்கலாம். அப்பா ராவுத்தரைத் தனியாக அழைத்து, நாங்கள் ஊரை விட்டுப் போகும்வரை வீட்டை வாங்கியது யார் என்று வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். யாரோ ஒரு செட்டியார் வாங்கியதாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றார். வாங்குகிறவரும் சரி என்று சொல்லிவிட்டதாக ராவுத்தர் வந்து சொன்னார். அப்பாவின் முகம் தெளிந்தது. அந்தத் தெளிவைப் பார்த்தபோதுதான் எனக்கு முதன்முதலாக அப்பாவை நினைத்து வெட்கமாக இருந்தது.

சொந்தக் காசிலேயே டிக்கெட் எடுத்தோம். இரவல் சாமான்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ரயிலுக்குக் கிளம்பும் நாள் வரையில் வெறும் வீட்டில் இருந்தோம். அத்தனை நாளும் அவர் வழக்கம்போலக் காலையில் பின்வாசலில் வந்து நின்று பால் ஊற்றினார். கிரயமாகி, பணத்தைக் கொடுத்து, தன் வீடு ஆன வீட்டின் பின்வாசல் அது. கடைசி நாளும் வந்தார். அம்மாவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. சுற்றி ஓடிப் போய் முன்கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்து, இந்தப் பக்கமா உள்ள வாங்க, இது உங்க வீடு என்றாள். அவர் பாலை ஊற்றி முடித்து, செம்பை நிமிர்த்தினார்.

"இருக்கட்டும்ங்கம்மா. நீங்க போனப்புறம் வர்றேன்."

உள்ளே பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்கு அது நன்றாகக் கேட்டது. அவர் தலையைத் தூக்கவில்லை.